வாய்க்கட்டு

காய்ந்த மணலில் எந்த மடையனும் தேடலாம். உலோகம் தேடுகிற மெஷினை ஆன் பண்ணி, அதன் அடித்தட்டை மண்ணுக்கு ஒட்டினாற்போல ஆட்டிக்கொண்டே போனால் போதும். கீழே இரும்போ தகரமோ கிடந்தால் கத்தும், இல்லையென்றால் சும்மா இருக்கும். அலை ஏறி இறங்குகிற ஈர மணல் அப்படியில்லை. கடல் தண்ணியில் உப்பு இருக்கிறது. அந்த உப்பையே மெஷின் உலோகம் என்று நினைத்துக்கொள்ளும். ஒன்றுமில்லாத இடத்தில் டிக் என்னும், கிர்ர் என்னும், பசித்த பூனை மாதிரி முனகும். இதைத்தான் தட்டுக்காரர் "உப்பு பேசுது" என்பார்.

தட்டுக்காரர் என்பது கடற்கரையில் வைத்த பெயர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். கண் மங்கி, லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்ட பிறகு, கப்பலில் வேலை பார்த்த ஒருத்தனிடமிருந்து இந்தப் பழைய மெஷினை வாங்கினார். தண்ணிக்கு அடியில் கிடந்தாலும் தங்கத்தைக் காட்டும் என்று சொல்லித்தான் அவன் விற்றான். விற்கிறவன் வாயில் உண்மை எதற்கு வருகிறது? ஈரத்தில் அதைப் பழக்குவதற்குள் இவருக்கு ஒரு வருஷம் ஓடிப்போனது.

அதற்கென்று ஒரு வழி உண்டு. முதலில் மெஷினின் துடிப்பைக் குறைக்க வேண்டும். ரொம்ப ஆழத்துக்கு ஆசைப்பட்டால் உப்புதான் கத்தும். அப்புறம் தட்டை ஈர மணலுக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கி, சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி வருகிற வரைக்கும் திருகியைத் திருப்ப வேண்டும். அப்புறம் கடலோரமாகவே, அலைக்கோட்டை ஒட்டி நடக்க வேண்டும். மேட்டுக்கும் தண்ணிக்குமாக நடந்தால் ஈரம் மாற மாற மெஷின் அலறும். இதற்கெல்லாம் அடங்காவிட்டால் கடைசியாக ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் மெல்லிய சத்தங்களையெல்லாம் மெஷின் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். அதற்கு இவர் வைத்த பெயர் வாய்க்கட்டு.

வாய்க்கட்டுப் போட்டால் உப்பு பேசாது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாள் பேசாது. ஆனால் மெல்லிசான மோதிரமும் பேசாது. தங்கமோ எவர்சில்வரோ, கனமில்லாத மோதிரத்தின் சத்தமும் வெள்ளித்தாளின் சத்தமும் கூடப்பிறந்தவை. அதனால் உண்மையாகத் தேடும்போது தட்டுக்காரர் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டார். உப்பு பேசுகிற அத்தனை பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டு, நடுவில் ஒன்றாவது வேறு மாதிரி வருகிறதா என்று பார்ப்பார். காது வலிக்கும், தலை வலிக்கும். அதுதான் தொழில்.

அவர் பெண்சாதி கடற்கரைச் சாலை மணலில் முடிகிற இடத்தில் தகரக்கூரைக் கடை வைத்திருந்தாள். டீ, ரொட்டி, வறுத்த மீன். கடையை ஒட்டி அவளுடைய தம்பி, குளிக்க வருகிறவர்களுக்கு நாற்காலியும் குடையும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். அவனைக் குடைக்காரன் என்பார்கள். வாய் மூடாத ஆள்.

அவளுக்குத் தட்டுக்காரர் இரண்டாவது புருஷன். முதல் புருஷன் கடைசல் பட்டறையில் இருந்தவன். சுற்றுகிற மெஷினில் இரும்பைப் பிடித்துக் கடைந்து, ஆணி, மறை, குமிழ் என்று என்ன கேட்டாலும் செய்து கொடுப்பான். ஒரு நாள் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழுந்திருக்கவில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. கதவுத் தாழ்ப்பாள் அவன் செய்தது. அடுப்பின் திருகி அவன் கடைந்தது. கடையில் மீன் அள்ளுகிற ஓட்டைக் கரண்டியின் பிடிகூட அவன் கைவேலை. தட்டுக்காரர் ஒரு தடவை ரோஷப்பட்டு அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கினதைப் போட்டார். உப்புக்காற்றில் ஆறே மாசத்தில் அது துருவேறி இறுகி, அவர் தன் வீட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குடைக்காரனைக் கூப்பிடும்படி ஆனது.

"பெரிய மச்சான் போட்டதுல ஏன் கைவெச்சீங்க?" என்று அவன் உளியால் நெம்பிக்கொண்டே கேட்டான். "அது சிக்கவே சிக்காதே."

செத்துப்போனவன் பெரிய மச்சான், இவர் வெறும் மச்சான். அதை அவன் வேண்டுமென்று சொல்வதில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், மோதிரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்குத் தங்கம் வாங்க வக்கில்லாமல் கடைசல்காரன் ஒரு எவர்சில்வர் நட்டைக் கடைந்து, தேய்த்து, மெல்லிசாக மோதிரம் பண்ணிப் போட்டிருந்தான். அது அவள் விரலில் இருந்தது. தட்டுக்காரர் போட்ட தங்க மோதிரம் நூல் கயிற்றில் கோத்து, கழுத்தில், சட்டைக்குள் இருந்தது. கேட்டால், "எண்ணெயிலயும் உப்புலயும் கை வெக்கிற வேலைங்க. தங்கம் மெல்லிசு, வளைஞ்சுடும். இதுக்கு என்ன, நட்டுதானே" என்பாள். நியாயம்தான். நியாயமான பேச்சு பொறாமைக்காரன் காதில் ஏறின கதை உண்டா?

இதில் இன்னொன்றும் இருந்தது. எவர்சில்வரை அவள் "என் மோதிரம்" என்பாள். தங்கத்தை "உங்க மோதிரம்" என்பாள்.

ஒரு நாள் குளிக்க வந்த ஒரு பெண் கனமான தங்க மோதிரம் ஒன்றை அலையில் விட்டுவிட்டாள். தட்டுக்காரர் முழங்கால் தண்ணியில் நின்று அதை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கன்னத்தில் தேய்த்து, முத்தம் கொடுத்து, விரலில் போட்டுக்கொண்டு, புருஷன் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தக் காட்சியைச் சுமந்துகொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

பெண்சாதி மறுநாள் விற்க வேண்டிய மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள எப்படி அழுதா தெரியுமா? புருஷன் போட்டதாம். விரலை விட்டு எடுக்கவே மாட்டாளாம்."

"எடுக்கவே மாட்டான்னா எப்படித் தொலைஞ்சுதாம்?"

"தண்ணியில ரொம்ப நேரம் நின்னா விரல் சுருங்கும். கழண்டுக்கும்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். வேற என்ன சொல்லணும்?"

"உன் விரல்ல இருக்கிறது யாரு மோதிரம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது என் மோதிரம்."

"நான் போட்டது?"

"உங்க மோதிரமா? இதோ, கழுத்துல பத்திரமா இருக்கே."

"அது எப்படிடி? அவன் போட்டது உன் மோதிரம், நான் போட்டது என் மோதிரமா? அப்ப நான் போட்டதை நீ எதுக்குச் சுமக்குற? எனக்காகக் காவல் காக்குறியா?"

"வாயில வர்ற வார்த்தைங்க அது. இதையெல்லாம் போயி புடிச்சுக்குவீங்களா?"

"வாயில தானா வர்றதுதான் உள்ள இருக்கிறது."

"செத்துப்போன மனுஷன்கூட எதுக்குங்க மல்லுக்கட்டுறீங்க? அவரு என்ன திரும்பியா வரப்போறாரு?"

"வந்தாத்தான் பரவாயில்லையே. ரெண்டு அறை விட்டுத் துரத்தியிருப்பேன். வரவும் மாட்டேங்குறான், போகவும் மாட்டேங்குறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அவர் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவள் டீ கொண்டுவந்து நீட்டினாள். அவர் சுவரைப் பார்த்தபடி கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார். "ஆறிடும், குடிங்க" என்றாள். "தெரியும்" என்றார் சுவரிடம். அவள் சற்று நேரம் அங்கேயே நின்றிருந்தாள். அப்புறம் மீன் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

வெயில் ஏறினபிறகு மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கடற்கரைக்குப் போனபோது, அவள் கடையில் இல்லை. கீழே அலையோரத்தில், எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மண்டிபோட்டு மணலைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். பாவாடை முழுக்க ஈரம்.

"என்ன?"

"மோதிரம் போச்சுங்க." குரல் உடைந்திருந்தது. "சட்டியில மணலைப் போட்டுத் தேய்ச்சேன். அலை வந்துச்சு. கையில எண்ணெய்ப் பிசுக்கு. பாத்தா இல்ல."

அவர் அவள் கையைப் பார்த்தார். விரல் காலியாக இருந்தது. அத்தனை வருஷம் எவர்சில்வர் இருந்த இடத்தில் வெளுத்த தடம் ஒன்று, நூல் சுற்றின மாதிரி. கழுத்தில் கயிறு அப்படியே இருந்தது.

 தனக்கு வந்ததைச் சந்தோஷம் என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பல வருஷமாகச் செருப்புக்குள் உறுத்தின கல் தானாக உதிர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி.

"அழாத. தேடலாம்" என்றார்.

"கிடைக்குமா?"

"பாக்கலாம்."

குடைக்காரன் ஓடிவந்தான். அக்காவின் விரலைப் பார்த்தான். "அடக் கடவுளே, பெரிய மச்சான் பண்ணதா? அது எவர்சில்வராச்சே. உங்க மெஷினுக்குக் கேக்குமா மச்சான்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் கடையில் ஆள் வந்து டீ கேட்டான். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கேக்கும் மாப்ள. என் மெஷினுக்கு எல்லாம் கேக்கும்" என்றார் தட்டுக்காரர். ஹெட்போனை மாட்டினார், மெஷினை ஆன் பண்ணினார். உப்பு வழக்கம்போலப் பேச ஆரம்பித்தது. கட்டைவிரல் அந்தப் பட்டன்மேல் போய் உட்கார்ந்தது. ஒரு தடவை மேட்டைப் பார்த்தார். அவள் அடுப்புக்குப் பின்னால் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டனை அமுக்கினார். மெஷின் வாயை மூடிக்கொண்டது.

அன்று முழுக்கத் தேடினார். பார்க்கிறவனுக்கு அது தேடுதல்தான். தட்டு ஆடியது, கால் நடந்தது, இரண்டு மூன்று இடத்தில் குனிந்து கரண்டியால் வாரிச் சலித்துக்கூடக் காட்டினார். காதுக்குள் அப்படியொரு அமைதி. கடல் இவ்வளவு அழகாக இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம், "இல்ல, கடல் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார்.

மறுநாளும் அப்படியே. அவள் இரண்டு தடவை மீனைத் தீய விட்டாள். மூன்றாவது தடவை தீய்ந்தபோது குடைக்காரன் வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். அதைத் தூரத்திலிருந்து பார்த்த தட்டுக்காரருக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஒரு நட்டுக்கு இவ்வளவா? நான் செத்தால் ஒரு மீனாவது தீயுமா?

அன்று வீட்டில் அவள் சோறு போட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் தேடுவீங்களா?"

"எதுக்கு? போனது போச்சு. விட்டுத் தொலை."

"விட்டுத் தொலைன்னா?"

"தமிழ்லதானே சொல்றேன். அதையே நினைச்சுக்கிட்டு இருந்தா ஆச்சா? இல்லாம வாழ முடியாதா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆளைப் பார்க்கிற மாதிரி.

"சரிங்க. உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு மட்டும் என்ன. நான் காலையில தம்பி வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"போறேன்னுதான் சொன்னேன்."

தட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சரிதான், ஒரு எவர்சில்வர் நட்டுக்காக உயிரோடு இருக்கிற புருஷனை விட்டுப் போகிறாள். அவன் கெட்டிக்காரன்தான். செத்தும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறான்.

காலையில் அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அது வழக்கம்போலக் கட்டில் காலில் மாட்டிக்கொண்டது. ஒத்தாசைக்கு அவர் போகவில்லை, கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தலையைத் தாழ்த்திக் குனிந்து பலமாக இழுத்தாள். கழுத்துக் கயிறு சட்டைக்குள்ளிருந்து நழுவி வெளியே வந்து ஊசலாடியது.

கயிற்றில் தொங்கியது எவர்சில்வர்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. விரலில் இருந்தவன் நெஞ்சுக்கே போய்விட்டான் என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் புத்தி மெதுவாக, பாரம் ஏற்றின லாரி மாதிரி, மேடு ஏறி வந்தது.

"அது எப்படி உன் கழுத்துல?"

"எது?"

"அவன் மோதிரம். அதுதானே தொலைஞ்சுது?"

அவள் பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"நீதானே சொன்ன, மோதிரம் போச்சுன்னு."

"மோதிரம் போச்சுன்னேன். எதுன்னு நீங்க கேட்டீங்களா?"

"விரல் காலியா இருந்துச்சு."

"அன்னிக்குக் காலையில டீ குடுத்தேனே, நீட்டின கையில எது இருந்துச்சு? சொல்லுங்க பாப்போம்." அவள் காத்திருந்தாள். "பாத்தாத்தானே தெரியும்? செவுத்தைப் பாத்துக்கிட்டு டீ குடிச்சா எப்படித் தெரியும்? மனுஷன் இவ்ளோ ஏங்குறாரேன்னு மாத்திப் போட்டேன். இதைக் கழுத்துல போட்டேன், உங்க மோதிரத்தை விரல்ல போட்டேன். லொடலொடன்னுதான் இருந்துச்சு. நீங்க திரும்பிப் பாப்பீங்கன்னு நின்னேன் பாருங்க, அங்கயே நின்னேன்."

தட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். கடைசல்காரன் போட்ட தாழ்ப்பாள் கையில் தட்டுப்பட்டது. அன்றைக்குக் கதவை நெம்பித் திறந்த குடைக்காரன்தான் அதை மறுபடி மாட்டிக் கொடுத்திருந்தான்.

"முதல்ல மோதிரத்துக்குத்தான் அழுதேன். அப்புறம் மீனைத் தீய விட்டதெல்லாம் நீங்க தேடலைன்னுதான்."

"தேடினேனே."

"தட்டை ஆட்டுனீங்க. இத்தனை வருஷமா மேல நின்னு பாக்குறவ எனக்குத் தெரியாதா? தேடுறப்ப நீங்க கடலோரமா கோடு போட்ட மாதிரி போவீங்க. நின்னு நின்னு போவீங்க. காதுல எறும்பு பூந்த மாதிரி மூஞ்சி கோணும். இந்த ரெண்டு நாளா மேட்டுக்கும் தண்ணிக்கும் காத்து வாங்குற மாதிரி நடந்தீங்க. ஒரு தடவகூட மூஞ்சி கோணல. சரி, நீங்க போட்ட மோதிரம் உங்களுக்கே வேண்டாம், அப்படின்னா நானும் வேண்டாம், வாயால சொல்ல முடியாம காலால சொல்றீங்கன்னு நினைச்சேன்."

இதற்கு இரண்டு பதில்தான் இருந்தது. ஆமாம், எனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். அது பொய், அவள் போய்விடுவாள். இல்லையென்றால் உண்மையைச் சொல்லலாம், அதற்கும் போய்விடுவாள். லாரிக்காரனுக்கு இந்த மாதிரி இடம் தெரியும். பின்னால் எடுக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

"வாய்க்கட்டுப் போட்டிருந்தேன்" என்றார்.

"என்னது?"

"மெஷின்ல ஒரு பட்டன் இருக்கு. அதைப் போட்டா மெல்லிசு மோதிரம் கேக்காது. போட்டுக்கிட்டுத்தான் நடந்தேன். அவன் மோதிரம்னு நினைச்சு. கிடைக்கக் கூடாதுன்னு."

அவள் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"அப்ப உங்க மோதிரத்து மேலயே நடந்து போயிருப்பீங்க."

"போயிருப்பேன்."

"ரெண்டு நாளும்."

"ரெண்டு நாளும்."

"நல்லா வேணும்" என்றாள். அதைக் கோபமாகச் சொன்னாளா, வேறெப்படியாவது சொன்னாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பெட்டியை இழுக்கவில்லை.

"கடல் இறங்குற நேரம்" என்றார். "அது வேணும்."

"எது?"

அவர் அவள் கழுத்தைக் காட்டினார். "ரெண்டு நாள் அலையில அடிபட்டிருக்கு. கொஞ்சம் கீழ போயிருக்கும். உப்பு பேசுற பேச்சுக்கு நடுவுல எந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு காதுக்குத் தெரியணும். வீட்டுல வேற தங்கம் இல்ல. அதோட சத்தமும் தங்கத்தோட சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதை மண்ணுல வெச்சு ஒரு தடவ கேட்டுக்கிட்டா…"

"இதையும் கடல்ல போடவா?"

"இல்ல."

"உங்களை எப்படி நம்புறது?"

"நம்பாத" என்றார் தட்டுக்காரர். "நான்னா நம்ப மாட்டேன். நீயும் வா. கயித்தை நீயே புடிச்சுக்க."

கடல் முந்தின நாளைவிடக் கொந்தளிப்பாக இருந்தது. மணலை அரித்து ஒரு முழம் உயரத்துக்குப் படி வெட்டியிருந்தது. படிக்குக் கீழே சிப்பியும் கூழாங்கல்லும் கோடாக ஒதுங்கியிருந்தன. கனமானதெல்லாம் அங்கேதான் சேரும். அவள் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி, ஒரு முனையை விரலில் சுற்றிக்கொண்டு, மோதிரத்தை ஈர மணலில் இறக்கினாள்.

குடைக்காரன் மேட்டில் இரண்டு நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். "என்னக்கா, மச்சானை விட்டுட்டு மோதிரத்தைக் கயிறு கட்டி மேய்க்கிற?"

"நீ உன் சோலியைப் பாருடா."

தட்டுக்காரர் வாய்க்கட்டை எடுத்தார். உப்பு ஒரேயடியாகக் காதுக்குள் வந்து விழுந்தது; இரண்டு நாள் அடைத்து வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசின மாதிரி. தட்டைத் தூக்கி இறக்கித் திருகியைத் திருப்பினார். கொஞ்சம் அடங்கியது. மோதிரத்தின்மேல் தட்டை ஓட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் மெதுவாக ஓட்டினார். உப்புக்கு ஓரம் கிடையாது; போகும்போது ஒன்று பேசும், வரும்போது வேறு பேசும். இது அப்படியில்லை. சின்னதாக, நறுக்கென்று, போகும்போதும் வரும்போதும் ஒரே வார்த்தையைச் சொன்னது. அவர் முகம் கோணியது.

"கேக்குதா?" என்றாள்.

"இரு." கண்ணை மூடிக்கொண்டு தட்டை ஓட்டினார். நல்ல சத்தம். செத்தவன் எதைச் செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான், பாவி.

கண்ணை மூடியிருந்ததால் அலையைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு வந்து அடித்தது. அவள் தடுமாறிக் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். வியர்வையில் ஊறின பழைய நூல், பட்டென்று அறுந்து வெறும் நுனி கையோடு வந்தது.

"ஐயோ!"

தட்டுக்காரர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. வலது காலைத் தூக்கி மோதிரம் கிடந்த இடத்தில் ஓங்கி வைத்தார். அலை திரும்பி ஓடும்போது குதிகாலுக்கு அடியில் மணலை வாரிக்கொண்டு ஓடியது. விரல்களை மடக்கிப் பிடித்தார். உள்ளங்காலில் வளையமாக ஒன்று அழுந்தியது. மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"காலை எடுக்காதீங்க!"

"எடுக்கல. வா, சீக்கிரம் வா."

"என்ன மச்சான், சிலை மாதிரி நிக்கிறீங்க?" என்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

"கால்ல உன் பெரிய மச்சான் இருக்கான்டா!"

"மிதிச்சுட்டீங்களா?"

"எவ்ளோ வருஷமா மிதிக்கணும் மிதிக்கணும்னு இருந்தேன். மிதிச்சாச்சு. இப்ப காலை எடுக்க முடியல!"

குடைக்காரன் நாற்காலியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் மண்டிபோட்டு, ஒரு கையால் அவர் கணுக்காலைக் கட்டிக்கொண்டு, மறு கையைப் பாதத்துக்கு அடியில் நுழைத்துத் தோண்டினாள். அடுத்த அலை அவள் தலைக்கு மேலே போனது. கையை வெளியே எடுக்கவில்லை. தண்ணி வடிந்தபோது இருமிக்கொண்டே எழுந்தாள். முடியெல்லாம் மணல். மூடின கைக்குள் மோதிரம்.

அதை அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே வெச்சுக்கங்க. நடுவுல நடுவுல கேட்டுப் பாக்க வேணாமா? நூலும் போச்சு."

"எங்க வெச்சுக்க?"

"விரல்லதான். வேற எங்க?"

சுண்டுவிரலில்தான் நுழைந்தது, அதுவும் நடுக்கணு வரைக்கும். திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் எண்ணெயிலும் உப்பிலும் கிடந்ததற்கு ஒரு மங்கல் இல்லை. பிடிக்கவில்லை. இனிமேலும் பிடிக்காது. ஆனாலும் மெஷினைக் கை மாற்றிப் பிடிக்கும்போது அது கழன்றுவிடாமல் விரலை மடக்கிக்கொண்டார்.

கூழாங்கல் கோட்டை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். அவள் சல்லடைக் கரண்டியோடு பின்னால் வந்தாள். ஒரு சத்தம் வந்தது, தோண்டினால் வெள்ளித்தாள். இன்னொன்று வந்தது, அதுவும் வெள்ளித்தாள். மேட்டில் டீ குடிக்க வந்தவர்கள் மூடிக்கிடந்த கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"கடையைத் திறக்கலையா அக்கா?" என்று குடைக்காரன் கத்தினான்.

அவள் அவனுக்கு ஏதோ பதில் சொன்னாள். உப்பின் இரைச்சலுக்கு நடுவில் தட்டுக்காரருக்குப் பாதிதான் கேட்டது. "என் மோதிரம் கிடைக்கிற வரைக்கும்" என்ற மாதிரி கேட்டது.

அவர் நின்று, ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தினார்.

"என்ன சொன்ன?"

"கடை திறக்கலன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"முன்னாடி ஒண்ணும் சொல்லல. கீழ பாத்து நடங்க, கடல் ஏறப்போகுது."

அவர் நடந்தார். ஹெட்போனை அதற்கப்புறம் ஒரு காதில் மட்டும்தான் மாட்டியிருந்தார்.